வந்த தடத்தில் திரும்பாத மாரியாயி

பைல் நாடு, கொல்லிமலை
18.01.2025

பொருள்: கணிதப் பாடநூலைத் திருப்பி அனுப்புதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய கிருஷ்ணகுமாரி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் செம்மேட்டில் கிராமச் செவிலியராகப் பணியாற்றிய காலத்தில் என்னிடம் விட்டுச் சென்ற 'அனைவருக்குமான கணிதம்' என்னும் பாடநூலை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளேன். அட்டை புதிதாகப் போட்டது. உள்ளே பென்சிலால் எழுதிய குறிப்புகளை அழித்துவிட்டேன். ஓரிடத்தில் மட்டும் அழியவில்லை. அங்கே அழுத்தி எழுதியிருந்தேன்.

தாங்கள் பலமுறை அழைத்தும் நான் தொலைபேசியை எடுக்கவில்லை என்பது உண்மை. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். பேச வேண்டுமானால் மேட்டுப் பாறையின் மீது ஏறி நிற்க வேண்டும். பாறையின் மீது நின்றுகொண்டு மனக்குறையைச் சொல்வது எனக்கு இயலாத காரியம். எழுத்தில்தான் ஒரு வாக்கியத்தை அது முடிய வேண்டிய இடத்தில் முடிக்க முடிகிறது.

நடந்தவற்றை முறைப்படி பதிவு செய்துவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். செம்மேட்டு நூலகத்தையே ஆசிரியராகக் கொண்டு பத்தையும் பன்னிரண்டையும் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். பிறகு தாங்களும் நானும் ஒன்றாக அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழில் சேர்ந்தோம். தமிழ் படிப்போரும் கணிதத்தில் ஒரு தாள் எழுதியே தீர வேண்டும் என்று விதித்தவர் எவரோ, அவர் நலமாக இருக்கட்டும். தாங்கள் அத்தாளில் தேறினீர்கள். நான் தேறவில்லை. மற்ற தாள்கள் அனைத்திலும் தேறியும் இது ஒன்றால் என் பட்டம் நிற்கிறது.

தேர்வில் ஒரு தேற்றத்துக்கு எதிராகப் படம் வரைந்து நான் எழுதிய மறுப்பு நியாயமானது. அதைப் பற்றித் தாங்கள் செம்மேடு பேருந்து நிலையத்தில், நான்கு பேர் கேட்கும்படி, "தேற்றம் சரிதான் அக்கா, உங்கள் படம்தான் தப்பு" என்று கூறினீர்கள். நான் பிறந்து வளர்ந்து வாழ்க்கைப்பட்ட ஊரின் படம் அது. அடுத்த வாரமே மாறுதல் பெற்று, சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனீர்கள்.

இனி அத்தாளை நான் எழுதுவதாக இல்லை. ஆகவே நூல் எனக்குத் தேவைப்படாது.

இப்படிக்கு,
செ. கோகிலவாணி

---

சின்னசேலம்
29.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பதிவுத் தபால் என்று கையெழுத்து வாங்கியதும் கோர்ட் நோட்டீஸ் என்றே நினைத்துவிட்டேன். பிரித்தால் உள்ளேயும் அப்படித்தான் இருந்தது.

அழியாத இடத்தைப் பார்த்தேன். வலைப்பின்னல் பாடத்தில், தேற்றத்துக்கு நேராக, 'இது பொய்' என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த பக்கம் வரை பதிந்திருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் நான் சொன்னதை எழுதினீர்கள். அதற்குப் பதிலாக நீங்கள் சொன்னதை விட்டுவிட்டீர்களே. "நீ மனப்பாடம் செய்து தேறியவள், உனக்கு என்ன தெரியும்" என்றீர்கள். அந்த நான்கு பேரில் இரண்டு பேர் என்னிடம் ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்கள். என் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து எத்தனை சாயங்காலம் சேர்ந்து கணக்குப் போட்டோம். வட்டிக் கணக்கு உங்களுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். அது மனப்பாடமா? சொல்லிக்கொள்ளாமல் போனேன் என்றால், சொல்ல வாய் வரவில்லை என்று அர்த்தம்.

சரி, என் கோபம் என்னிடமே இருக்கட்டும். உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். பழைய பாடத்திட்டத்துக்கு வரும் ஜூன் மாதம்தான் கடைசித் தேர்வு. அதை விட்டால் பட்டம் இல்லை. பட்டச் சான்றிதழில் உங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டும், முதலெழுத்து தமிழிலா ஆங்கிலத்திலா என்று முதல் வருடமே என்னிடம் வாதாடியவர் நீங்கள். அதை ஒரு கோபத்துக்காகத் தூக்கிக் கொடுத்துவிடுவீர்களா?

நூலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாதாரணத் தபாலில்தான்.

உங்கள்,
கிருஷ்ணகுமாரி

---

பைல் நாடு
24.02.2025

பொருள்: தேர்வுக் கட்டணம் செலுத்தியமை, தேற்றத்தை ஏற்காமை – தொடர்பாக.

அன்புள்ள கிருஷ்ணகுமாரிக்கு,

நூல் கிடைத்தது. கட்டணமும் செலுத்திவிட்டேன். இதைத் தங்கள் வாதத்திற்குக் கிடைத்த வெற்றியாகக் கருத வேண்டாம். முதலெழுத்தைப் பற்றிய நினைவூட்டல்தான் வேலை செய்தது.

சனிக்கிழமைகளில் காரவள்ளி மலைப்பாதையில் இறங்கிக் கீழேயுள்ள படிப்பு மையத்துக்குப் போய் வருகிறேன். முன்பு நமக்குக் கணிதம் எடுத்த அதே சூசைமாணிக்கம் ஐயாதான் வகுப்பெடுக்கிறார். முதல் நாள் என்னைக் கண்டதும், "அம்மா, போன தடவ நீங்க எழுதுன விடைய மூணு வாட்டி படிச்சேன். தமிழ் அருமை. கணக்குத்தான் எங்கயும் தென்படல" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

கணங்கள் பாடம் எனக்கு எளிது. மிளகு வைத்திருப்போர் ஒரு வட்டம், காப்பி வைத்திருப்போர் ஒரு வட்டம், இரண்டும் வைத்துக்கொண்டு விலை போதவில்லை என்போர் நடுவில். நிகழ்தகவுதான் இடறுகிறது. பழகிக்கொள்வதற்காக என் கணவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, நாளைக்கு மழ வர்றதுக்கு வாய்ப்பு எவ்வளவுங்க?"

"வந்தா வரும். வராட்டி வராது."

"அது விடை இல்லீங்க. பூச்சியத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல ஒரு எண் சொல்லோணும்."

"மொளகு காயப் போட்டிருக்கறன் புள்ள. பூச்சியம்னு எழுதிக்க."

மறுநாள் மழை பெய்தது. நனைந்த மிளகை இருவரும் அள்ளும்போது, பூச்சியம் என்பதை எவ்வளவு எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு விளக்கினேன். அவர் விரும்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி தேற்றம். என் நிலைப்பாட்டில் மாற்றமில்லை. எங்கள் ஊரில் நான்கு முனைகள்: கோயில், சாவடி, ஊற்றடி, பலாமரத்தடி. கோயிலிலிருந்து சாவடிக்கு ஒரு தடம், ஊற்றடிக்கு ஒரு தடம். பலாமரத்தடியிலிருந்தும் அவ்வாறே இவ்விரண்டுக்கும் ஒவ்வொன்று. சாவடியையும் ஊற்றடியையும் சேர்ப்பது மண்சாலை. ஆகச் சாவடியில் மூன்று தடங்கள் கூடுகின்றன, ஊற்றடியிலும் மூன்று.

நூல் கூறுவது யாது? ஒரு முனைக்குள் வர ஒரு தடம் இருந்தால், வெளியேற வேறொரு தடம் வேண்டும். தடங்கள் இரண்டிரண்டாக இணை சேர வேண்டும். மூன்று இருந்தால் ஒன்று தனித்து நிற்கும். ஆகவே கோயிலில் புறப்பட்டு, எல்லாத் தடங்களிலும் ஒருமுறை மட்டும் நடந்து, கோயிலுக்கே திரும்புதல் இயலாது என்கிறது.

ஆனால் ஆண்டுதோறும் பங்குனித் திருவிழாவான நோம்பியில் மாரியாயியின் சப்பரம் அதைத்தான் செய்கிறது. வந்த தடத்தில் ஆத்தா திரும்ப மாட்டாள். எந்தத் தடத்தையும் விட்டுவைக்கவும் மாட்டாள். இது இந்த ஊர் தோன்றிய நாள் முதலான வழக்கம். கண்முன்னே நடப்பதை நடக்காது என்று கூறும் நூலை நான் எவ்வாறு ஏற்பது? மாரியாயிக்கும் கணிதத்துக்கும் வழக்கு என்றால், நான் ஆத்தாவின் பக்கம்.

தங்கள்,
கோகிலவாணி

பின்குறிப்பு: வட்டிக் கணக்கை நான் சொல்லிக்கொடுத்தது உண்மையே. மறந்திருந்தேன்.

---

சின்னசேலம்
14.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

'மதிப்பிற்குரிய' போய் 'அன்புள்ள' வந்துவிட்டது. பார்த்தேன்.

இங்கே இப்போதே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தடுப்பூசி போட வீடு வீடாகப் போகிறேன். நிழல் என்பதே கிடையாது. செம்மேட்டில் பனிக்குப் பயந்து குல்லாய் போட்டுக்கொண்டு திரிந்ததை நினைத்துக்கொள்கிறேன். சந்தையில் நீங்கள் பொறுக்கித் தரும் மலைவாழைப்பழம் இங்கே கிடைப்பதில்லை. பெயர் மட்டும்தான் கிடைக்கிறது.

மாரியாயி தப்பு செய்ய மாட்டாள். நானும் நம்புகிறேன். தேற்றமும் தப்பு செய்யாது, அதையும் நம்புகிறேன். இரண்டு பேரையும் நீங்கள்தான் மூட்டிவிடுகிறீர்கள்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நோம்பியை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு பங்குனியிலும் எங்கள் ஊர்த் திருவிழா என்று லீவு போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவேன். அதனால் பார்க்காத ஒன்றைப் பற்றித்தான் உங்களிடம் அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கிறேன்.

இந்த வருடம் எனக்காகப் பார்த்து எழுதுங்கள். சப்பரத்தைக் கோயிலிலிருந்து தூக்கியது முதல் திரும்ப இறக்கி வைக்கும் வரை. எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது, யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், யார் யாரைத் திட்டுகிறார்கள், எல்லாம். எதுவும் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள்,
கிருஷ்ணா

---

பைல் நாடு
07.04.2025

பொருள்: பங்குனி நோம்பியின் நேரடி விவரணை, அதன் வாயிலாகத் தேற்றம் பொய்யெனக் காட்டுதல் – தொடர்பாக.

அன்புள்ள கிருஷ்ணாவுக்கு,

கேட்டபடியே எழுதுகிறேன். இதைப் படித்த பின் தேற்றத்தைப் பற்றித் தாங்கள் பேச மாட்டீர்கள் என்பது என் துணிபு.

நோம்பியன்று விடியற்காலையிலேயே எங்கள் வீட்டில் வேலை தொடங்கிவிடும். மற்ற வீடுகளில் வாசல் தெளித்துக் கோலமிட்டால் போதும். எங்களுக்கு அது போதாது. காரணத்தைப் பிறகு கூறுகிறேன். கட்டில், அரிசி மூட்டை, தையல் இயந்திரம் அனைத்தையும் சுவரோரம் ஒதுக்கினோம். கடைசியில் பிரிட்ஜ். அது பின்வாசலை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு நிற்கிறது.

"வருசா வருசம் இதைய நகத்தறதே பொழப்பாப் போச்சு. பொறவாசலுக்கு எதுக்க இதைய எவன் வெச்சது?" என்றார் என் கணவர்.

"நீங்கதானுங்க வெச்சீங்க. பிளக்கு அங்கதான் இருக்குதுன்னு."

"அப்ப பிளக்கு வெச்சவனச் சொல்லோணும்."

"அதும் நீங்கதானுங்க."

அவர் பிரிட்ஜைத் தள்ளினார்.

உச்சிப்பொழுது தாண்டியதும் சப்பரம் புறப்பட்டது. பூசாரி மாதேஸ்வரன் முன்னால். தோள் கொடுப்பவர்கள் பின்னால். கோயிலிலிருந்து நேரே ஊற்றடி. அங்கே ஆத்தாவுக்கு முதல் தண்ணீர். பிறகு மண்சாலை வழியாகச் சாவடி. சாவடியில் ஊர்ப் பெரியவர்கள் தேங்காய் உடைத்தார்கள். யார் முதலில் உடைப்பது என்பதில் வழக்கமான சச்சரவு எழுந்து வழக்கம்போல் அடங்கியது.

அடுத்ததுதான் எங்கள் வீட்டிற்கு மட்டுமே வாய்த்த பெருமை. சாவடியைப் பார்த்த எங்கள் முன்வாசலில் சப்பரம் நுழையும். கூடத்தின் நடுவே ஆத்தா நிற்பாள். நான் மஞ்சள் நீர் ஊற்றிக் கும்பிடுவேன். பிறகு ஊற்றடியைப் பார்த்த பின்வாசல் வழியாக இறங்கிப் போவாள். ஊரில் வேறு எந்த வீட்டிற்குள்ளும் சப்பரம் வராது. இரண்டு வாசல்களும் நேருக்கு நேராக, நிலைப்படி வழக்கத்தைவிட அகலமாக இருப்பது இதற்காகத்தான்.

இந்த ஆண்டு முன்வாசலில் நுழையும்போதே மாதேஸ்வரன் குரல் கொடுத்தார். "அக்கா, பொறவாசக் கதவு நல்லாத் தொறந்திருக்குதுங்களா? போன வருசம் சப்பரத்துக் கொம்பு பிரிட்ஜுல இடிச்சிருச்சு."

"தொறந்துதான் இருக்குது. ஆத்தாளுக்கு வழி உடாம இருப்பமா?" என்றேன்.

மீண்டும் ஊற்றடி. அங்கிருந்து பலாமரத்தடி. அங்கே குழந்தைகளுக்குப் பானகம். பிறகு சாவடி, சாவடியிலிருந்து கோயில். எந்தத் தடத்திலும் இரண்டாம் முறை கால் வைக்கவில்லை. எந்தத் தடமும் விடுபடவில்லை. நான் வாசலில் நின்றும், சப்பரத்தின் பின்னே நடந்தும், ஒவ்வொரு திருப்பத்தையும் கண்ணால் கண்டேன்.

இனியும் தேற்றம் சரியென்று கூறுவீர்களா?

வெற்றியுடன்,
கோகிலவாணி

---

சின்னசேலம்
15.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவ்வளவு அழகாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது முறை, நீங்கள் அன்று எனக்கு வரைந்து காட்டிய படம் நினைவுக்கு வந்தது.

ஒரே ஒரு கேள்வி. உங்கள் படத்தில் உங்கள் வீடு எங்கே இருக்கிறது?

உங்கள்,
கிருஷ்ணா

பாறை மேல் ஏறவேண்டாம். எழுதினால் போதும்.

---

பைல் நாடு
28.04.2025

பொருள்:

அன்புள்ள கிருஷ்ணா,

பொருள் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

தபால்காரர் கடிதத்தைக் கொடுத்தபோது நான் முன்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே பிரித்துப் படித்தேன். உன் கேள்வியைப் படித்துவிட்டு நிமிர்ந்தால், கூடத்துக்கு அந்தப் பக்கம், பிரிட்ஜ் விட்டுவைத்த இடுக்கு வழியாக ஊற்றடி தெரிகிறது. என் முதுகுக்குப் பின்னால் சாவடியில் யாரோ பேசுகிறார்கள். நான் நடுவில் நிற்கிறேன்.

உள்ளே போய், அன்று உனக்கு வரைந்து காட்டிய படத்தை எடுத்தேன். மண்சாலையின் ஓரமாக ஒரு கட்டம் வரைந்து அதற்குள் 'கோகிலவாணி இல்லம்' என்று எழுதியிருக்கிறேன். எழுத்து வெகு நேர்த்தியாக இருக்கிறது. சாவடியிலிருந்து ஒரு கோடு அந்தக் கட்டத்துக்குள் போகவில்லை. ஊற்றடிக்கு ஒரு கோடு அதிலிருந்து வரவில்லை. வீட்டை வீடாகவே பார்த்துப் பழகியவளுக்கு அது ஒரு தடமும் ஆகும் என்று தோன்றவில்லை.

கோட்டைப் போட்டேன். சாவடியில் தடங்கள் நான்காயின, ஊற்றடியிலும் நான்கு. இரண்டிரண்டாக இணை சேர்ந்துவிட்டன. விரலால் பின்தொடர்ந்தேன். ஆத்தா போன வழியே விரல் போய்க் கோயிலில் நின்றது.

என் கணவரிடம் காட்டினேன். வீட்டுக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"வருசம் பூராவும் பெருமையடிப்ப, ஆத்தா எங்க ஊட்டுக்குள்ளதான் வருவாள்னு. படம் போடறப்ப அதைய உட்டுட்டியாக்கும்?"

"உட்டுட்டனுங்க."

"எங்க பெரியப்பன் சொல்லுவாரு. மொதல்ல இங்க ஊடே கெடையாது, தடந்தான். எங்க தாத்தன் தடத்து மேல ஊடு கட்டினாரு. ஊர் நாட்டாருங்க உட்டாங்களா? ஆத்தா தடத்த மறிக்கப்படாது, ரெண்டு வாசலும் எதிரெதிரா வெச்சுக் கட்டுன்னு சொல்லிப்போட்டாங்க."

"இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க?"

"நீ கேட்டது மழையப் பத்தித்தான."

படத்தை மடித்து நூலுக்குள் வைத்தேன்.

ஆகவே முறைப்படி அறிவிக்கிறேன். தேற்றத்தின் மீது நான் எழுப்பிய ஆட்சேபணை மீட்டுக்கொள்ளப்படுகிறது. பேருந்து நிலையத்தில் உன்னைக் குறித்துக் கூறிய சொல்லும் அதனுடன் மீட்டுக்கொள்ளப்படுகிறது. அந்த நால்வரில் என் கண்ணில் பட்ட மூவரிடமும் இதைத் தெரிவித்துவிட்டேன். நான்காமவர் பெருந்துறைக்கு வேலைக்குப் போயிருக்கிறாராம்.

'இது பொய்' என்பதை மறுபடி அழித்துப் பார்த்தேன். போகவில்லை. கீழே 'அன்று' என்று சேர்த்துவிட்டேன்.

கோகிலவாணி

---

சின்னசேலம்
02.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சிரித்துச் சிரித்து, பக்கத்து வீட்டு அக்கா என்னவென்று கேட்டு வந்துவிட்டார்கள். படித்துக் காட்டினேன். அவர்களுக்கு உங்கள் வீட்டுக்காரரை மிகவும் பிடித்துவிட்டது.

அடுத்த வாரம் தேர்வு. உங்களுக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். தெரிந்த கணக்கை முதலில் போடுங்கள். கேள்வி பிடிக்கவில்லையென்றால் அதோடு சண்டை போடாதீர்கள், அடுத்ததற்குப் போய்விடுங்கள். கேட்டதற்கு மட்டும் எழுதுங்கள். போன தடவை மறுப்பு எழுதி முடிக்கும்போது மணி அடித்துவிட்டது, பாதிக் கேள்வி அப்படியே கிடந்தது. அதனால்தான் போயிற்று. உங்களுக்குக் கணக்கு வராததால் இல்லை.

முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். வளைவில் படிக்காதீர்கள், வாந்தி வரும்.

உங்கள்,
கிருஷ்ணா

---

பைல் நாடு
21.08.2025

கண்ணு கிருஷ்ணா,

தேறிவிட்டேன். நேற்று செம்மேட்டில் கணினிக் கடைக்காரர் அச்செடுத்துக் கொடுத்தார். மதிப்பெண் பெருமைப்படும்படியாக இல்லை. தேர்ச்சிக்கு வேண்டியதைவிடச் சற்று அதிகம். பட்டம் உறுதி. முதலெழுத்து தமிழில்தான் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு இன்று காலையே விண்ணப்பம் எழுதிவிட்டேன். அதற்குப் பொருள், பார்வை அனைத்தும் முறைப்படி உண்டு.

தேர்வைப் பற்றி உன்னிடம் ஒன்று கூற வேண்டும். வினாத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலைப்பின்னலில் இருந்து ஒரு கேள்விகூட வரவில்லை. ஒன்றுகூட இல்லை, கண்ணு. வட்டி கேட்டிருந்தார்கள், சராசரி கேட்டிருந்தார்கள், சீட்டுக்கட்டு கேட்டிருந்தார்கள். ஓர் ஆண்டு நான் யாரோடு வழக்காடினேனோ அவர் வரவேயில்லை.

நீ சொன்னபடி தெரிந்ததை முதலில் போட்டேன். எந்தக் கேள்வியோடும் சண்டையிடவில்லை. எல்லாம் முடித்த பிறகும் நேரம் இருந்தது. கடைசிப் பக்கம் வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு மட்டும் எழுதச் சொல்லியிருந்தாய். அதை மட்டும் என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தில் எங்கள் ஊரை வரைந்தேன். நான்கு முனைகள், எல்லாத் தடங்களும், அவற்றோடு என் வீட்டின் வழியாகப் போகும் தடம். கீழே, 'முந்தைய தேர்வில் இவ்விண்ணப்பதாரர் தவறாக வரைந்த படத்தின் திருத்தம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மதிப்பெண் எதிர்பார்க்கவில்லை, வந்ததாகவும் தெரியவில்லை. எங்கோ ஒருவர் அதைப் பார்த்து, இந்த வீட்டுக்காரி யார் என்று ஒரு நொடி நினைத்திருந்தால் போதும்.

சூசைமாணிக்கம் ஐயாவிடம் சொன்னேன். "கோகிலவாணி அம்மா, இத அடுத்த வருசப் பசங்களுக்குப் பாடமா எடுக்கட்டுமா?" என்றார். எடுக்கலாம், ஆனால் வீட்டின் பெயரைச் சரியாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

பிரிட்ஜ் இடம் மாறிவிட்டது. பிளக்கை எதிர்ச்சுவருக்கு மாற்றிவிட்டார். இப்போது சாவடியில் நிற்பவருக்கு எங்கள் கூடத்தின் ஊடாக ஊற்றடி தெரிகிறது. காற்று நன்றாக வருகிறது.

பங்குனிக்கு லீவு போடு. இந்த முறை உங்கள் ஊருக்கு அல்ல, இங்கே. முன்வாசலில் வந்து, என் பக்கத்தில் நின்று நீயும் ஒரு செம்பு மஞ்சள் நீர் ஊற்று. ஆத்தா பின்வாசலில் இறங்கிப் போவாள். வந்த தடத்தில் திரும்பக் கூடாது என்பது அவளுக்கு உள்ள விதி. நமக்கு அது இல்லை. காரவள்ளி வழியாக இறங்கிப் போனாய். அதே வழியாக ஏறி வா.

உன் அக்கா,
கோகிலவாணி